மஞ்சள் கேபிளும் பொருத்தக் குழுவும்

அழைப்பைத் துண்டித்தது ஹலோ அக்காதான் என்று முதலில் சொன்னது யார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அன்று மாலை தேநீர் வண்டி மேல்மாடிக்குப் போவதற்குள் அவசர அழைப்பு வாரியத்தின் கட்டடம் முழுக்க அதை ஒப்புக்கொண்டுவிட்டது. வாரியத்தில் வேறெந்த விஷயமும் அவ்வளவு வேகமாக மாடி ஏறியதில்லை.

ஹலோ அக்கா என்பது அழைப்புக் கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர். ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளை எடுத்து, முகவரி வாங்கி, பக்கத்திலிருக்கும் வண்டிக்குச் சொல்வது வேலை. வீட்டுக் கதவைத் தட்டினால்கூட உள்ளேயிருந்து "ஹலோ" என்றுதான் குரல் கொடுப்பாள். காதில் மாட்டும் கருவியின் பட்டை அழுத்தி அழுத்தி, தலைமுடியில் நிரந்தரமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. தன் அம்மா இறந்தபோது பதறியதைவிட, முகம் தெரியாத எத்தனையோ பேரின் அம்மாக்களுக்கு அவள் அதிகம் பதறியிருக்கிறாள்.

அன்று காலை வந்த அழைப்பு ஒரு தையல்காரருடையது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே கடை. அண்ணன் துணியை வெட்டுவார், தம்பி தைப்பார். "அண்ணனுக்கு மூச்சு வாங்குதுங்க" என்று தம்பி சொன்னது கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இரைச்சல்கூட இல்லை. "சொல்லுங்க, எங்க இருக்கீங்க? சத்தம் வரல, திரும்பச் சொல்லுங்க" என்று அவள் மன்றாடிக்கொண்டே இருந்தாள். பிறகு லைன் தானாகச் செத்தது. திரும்ப அழைத்தால் அந்த எண் பேச்சில் இருந்தது. அவரும் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் வேறொரு மேசைக்கு அழைப்பு விழுந்து வண்டி போய்ச் சேர்ந்தபோது, அண்ணனைக் கடை வாசலில் படுக்க வைத்திருந்தார்கள். போர்த்தியிருந்தது அவரே வெட்டிவைத்த துணி.

தம்பி வாரியத்துக்கு ஒரு புகார் கொடுத்தார். 'அழைப்பு ஏன் துண்டானது என்று தெரிவிக்கவும்.' அவ்வளவுதான். 'ஏன்' என்ற கேள்வியைக் கவனிக்க வாரியத்தில் பிரிவு கிடையாது. 'யார்' என்ற கேள்விக்குப் பிரிவுகள் நிறைய இருந்தன. எனவே கீழ்த்தளத்தில் பெற்றுக்கொள்ளப்பட்ட புகார், மேல்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது 'அழைப்பைத் துண்டித்தது யார்' என்று ஆகியிருந்தது.

ஹலோ அக்கா பயப்படவில்லை. அவளுக்கு மாப்பிள்ளை இருந்தான்.

மாப்பிள்ளை என்பவன் அவள் தங்கையின் கணவன். வாரியத்தின் கேபிள், கணினி இணைப்புகளைப் பார்க்கும் பொறியாளன். அவனைப் பார்த்துப் பிடித்துத் தங்கைக்கு முடித்து வைத்ததே அவள்தான். கூடத்தில் எல்லோரும் வயரை இழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இவன் ஒருவன்தான் சுருட்டிக் கட்டி, தரையைக் கூட்டிவிட்டுப் போவான். "வயரையே இப்படிப் பாத்துக்கறவன், உன்னை விட்டுடுவானா?" என்று தங்கையிடம் சொல்லியிருந்தாள்.

"அக்கா, கவலையே படாதீங்க" என்றான் மாப்பிள்ளை. "லைன்ல ஓடறது எல்லாத்தையும் பதிவு பண்ற கருவி ஒண்ணு வருது. அதை உங்க கூடத்து லைன்ல மாட்டினா, எந்தக் குரல் எந்த இடத்துல தொலையுதுன்னு புட்டுப் புட்டு வச்சிடும்."

"மெஷின் பொய் சொல்லாதுல்ல, மாப்பிள்ளை?"

"அதுக்குப் பதவி உயர்வா கிடைக்கப் போகுது, பொய் சொல்ல?"

இருவரும் சிரித்தார்கள்.

விசாரணை முடியும்வரை ஹலோ அக்கா தொலைபேசியைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஆனால் இருக்கை காலியாக இருக்கக் கூடாது என்று ஏற்கெனவே ஒரு உத்தரவு இருந்தது. இரண்டையும் மீறாமல் இருக்க, அவள் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு, அதன் வயரை எதிலும் செருகாமல், வேலை நேரம் முழுவதும் அமர்ந்திருந்தாள். மேற்பார்வைக்கு வந்தவர்கள் அவள் மேசையில்தான் ஒழுங்கு இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

கருவி வந்தது. பயணப்பெட்டி அளவு, கறுப்பு நிறம், தூக்கிவர நான்கு ஆட்கள். கொள்முதல் அதிகாரி அதன்மேல் கைவைத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை அதன் பின்பக்கத்தைப் பார்த்தான். முகம் மாறியது.

"சார், இதுல இருக்கற ஓட்டை எல்லாம் கண்ணாடி இழைக் கேபிளுக்கு உள்ளது. அதுலயும் ரொம்ப தூரம் போற வகை. ஊருக்கு ஊர் இழுப்பாங்களே, அது. நம்ம கூடத்துல ஓடறது செம்புக் கம்பி."

"அதனால?"

"செருகவே முடியாது சார்."

கொள்முதல் அதிகாரி யோசித்தார். "பலமா அழுத்திப் பாத்தீங்களா?"

பலமாக அழுத்திப் பார்ப்பதால் வரும் சேதம் உத்தரவாதத்தில் சேராது என்று தெரிந்தபின், மாப்பிள்ளை ஒரு வழி சொன்னான். கருவியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு இணைப்பான் இருக்கிறது, அதைக் கழற்றிவிட்டுச் செம்புக் கம்பிக்கு உள்ளதைப் போட்டால் போதும். அப்புறம், அந்த லைனில் போகிற பேச்சு ஒரு ஜோடிக் கம்பியிலும் வருகிற பேச்சு இன்னொரு ஜோடியிலும் ஓடுகிறது. இரண்டையும் பிரித்துத் தனித்தனி ஓட்டையில் கொடுத்தால் கருவி இரண்டு பக்கமும் கேட்கும். அரை நாள் வேலை.

ஹலோ அக்கா அன்று அவனை நினைத்துப் பெருமைப்பட்டாள்.

கொள்முதல் அதிகாரி தன் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒண்ணு புரிஞ்சுக்கணும். நாம வாங்கினது பெரிய கருவி. தீப்பெட்டி சைஸ்ல ஒண்ணை வாங்கினா, பெரிய கருவியை வாங்கும்போது அளவு பாக்காம வாங்கிட்டோம்னு ஆயிடும். அளவு பாக்காம வாங்கறது வாரியத்தின் வழக்கம் இல்ல. அளவு பாத்துட்டுத்தான் தப்பா வாங்குவோம்."

இப்படியாகப் பொருத்தக் குழு பிறந்தது. கருவிக்கும் கேபிளுக்கும் பொருத்தம் பார்ப்பது அதன் பணி. கூடத்தில் இருந்த பெண்கள் "மாப்பிள்ளை வீட்டுல என்ன கேக்கறாங்களாம்?" என்று ஒருவரையொருவர் கேட்டுச் சிரித்தார்கள். ஹலோ அக்காவும் சிரித்தாள். வாரியத் தலைவரே குழுவுக்குத் தலைமை ஏற்றார். மாப்பிள்ளை செயலாளர். அவனுக்குத் தனி அறையும், சுழலும் நாற்காலியும் ஒதுக்கினார்கள். அறைக்கு வந்ததும் அவன் ஒருமுறை சுற்றிப் பார்த்ததாகத் தங்கை சொன்னாள். அறையை அல்ல, நாற்காலியில்.

குழுவின் முதல் கூட்டத்தில், கூடத்தில் ஓடுவது என்ன வகைக் கேபிள் என்று தீர்மானிப்பதாக இருந்தது. குழு நேரே வந்து பார்த்தது. ஹலோ அக்காவின் மேசைக்குப் பின்னால் சுவரோடு ஓடிய கேபிள் மஞ்சள் நிறத்தில் இருந்தது. தலைவர் கருவியின் கையேட்டைப் புரட்டினார். நீண்ட தூரக் கண்ணாடி இழைக்கு மஞ்சள் உறை என்று அதில் படம் போட்டிருந்தது.

"மஞ்சள்" என்றார் தலைவர்.

"சார், செம்புக் கேபிளும் எந்த நிறத்துலயும் வரும்" என்றான் மாப்பிள்ளை. பழைய துண்டு ஒன்றை எடுத்து உறையைச் சீவி, உள்ளே முறுக்கிக்கொண்டிருந்த ஜோடிக் கம்பிகளைக் காட்டினான். செம்பு பளபளத்தது.

தலைவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவர் பேசத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் தானாக எழுந்து நிற்பார்கள். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்கள்.

"நண்பர்களே, நிறம் என்பது தரநிலை. உள்ளே இருப்பது நடைமுறை. தரநிலைக்கும் நடைமுறைக்கும் முரண்பாடு வந்தால் வாரியம் எதன் பக்கம் நிற்கும்? இந்தக் கேபிள் கண்ணாடி இழைதான். உள்ளே செம்பு இருப்பது, இதை உற்பத்தி செய்தவர்கள் கண்ணாடியைப் போட மறந்துவிட்டார்கள் என்பதைத்தான் காட்டுகிறது."

யாரும் சிரிக்கவில்லை. ஹலோ அக்கா மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

அன்று மாலை அவளே கேட்டாள். "என்ன மாப்பிள்ளை, ஒண்ணுமே சொல்லாம இருந்துட்டீங்க?"

"சொன்னா கோவப்படுவார்க்கா. நான் குழுவுக்குள்ள இருந்தாத்தான் உங்களுக்கு நல்லது. வெளியே தள்ளிட்டாங்கன்னா உங்களுக்கு யார் இருக்கா?"

அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்ததாக லைனின் தன்மையை ஆராய வேண்டியிருந்தது. ஒரே நேரத்தில் இரு பக்கமும் பேச்சு ஓடும் லைனா, ஒன்று முடிந்தபின் மற்றொன்று ஓடும் லைனா? அதைக் கேபிளிடம் கேட்க முடியாததால் அதைப் பயன்படுத்துபவரிடம் கேட்பது என்று முடிவானது. ஹலோ அக்காவை அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

"நீங்க பேசும்போதே கேக்கவும் செய்வீங்களா?" என்றார் கொள்முதல் அதிகாரி. "இல்ல, பேசி முடிச்சிட்டுத்தான் கேப்பீங்களா?"

"ஆபீஸ்லயா, வீட்டுலயா சார்?"

"பொதுவா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவோ நாளாகச் சும்மா உட்கார்ந்திருந்ததில் யாராவது பேச்சுக் கொடுத்ததே சந்தோஷமாக இருந்தது. "ஆபீஸ்ல ரெண்டும் ஒண்ணாத்தான் சார். வீட்டுல நான் பேசிட்டேதான் இருப்பேனாம், காது குடுத்துக் கேக்கறதே இல்லைன்னு என் தங்கச்சி சொல்லுவா."

சொன்னபடியே பதிவு செய்துகொண்டார்கள். மறுவாரம் வெளியான இடைக்கால அறிக்கையில், 'சம்பந்தப்பட்ட ஊழியர் இயல்பிலேயே ஒருவழித் தன்மை உடையவர். எதிர்முனையைக் கேட்பதில்லை என்று குடும்பத்தினரே உறுதி செய்துள்ளனர்' என்றிருந்தது. கீழே செயலாளரின் கையெழுத்து.

"தங்கச்சி சும்மா வெளையாட்டுக்குச் சொல்றதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியும்க்கா. இது இடைக்காலம்தானே. கருவி ஓடட்டும், எல்லாம் அடிபட்டுப் போயிடும்."

இதற்கிடையே கூடத்தில் மற்ற மேசைகளிலும் குரல் தொலைந்துகொண்டுதான் இருந்தது. "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று யாராவது கத்துவார்கள். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அவங்களே வச்சிட்டாங்க" என்று சத்தமாகச் சொல்லிக்கொள்வார்கள். ஹலோ அக்காவின் செருகாத வயரைப் பார்த்தபின் லைன் சரியில்லை என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. பக்கத்து மேசைக்காரி ஒருநாள் சாப்பாட்டு வேளையில் வேறு இடத்துக்கு மாறி உட்கார்ந்தாள். "தப்பா நெனைக்காதீங்க அக்கா" என்றாள்.

இறுதியில் பொருத்தக் குழு ஒரு முடிவுக்கு வந்தது. கேபிளுக்கு ஏற்றபடி கருவியை மாற்றுவது கருவிக்கு அவமானம். கருவி புதியது, கேபிள் பழையது. எனவே கருவிக்கு ஏற்ற கேபிளைப் போட வேண்டும். அழைப்புகள் ஓடும் பழைய லைனைத் தொட்டால் சேவை தடைபடும். சேவை தடைபடக் கூடாது என்பது வாரியத்தின் உயிர்மூச்சு. எனவே புதிய கண்ணாடி இழையைப் பழைய லைனைத் தொடாமல் தனியாகப் போடுவது.

போட்டார்கள். அசல் மஞ்சள், அசல் கண்ணாடி. கருவி இருந்த அறையில் கிளம்பி, தாழ்வாரம் வழியாக வந்து, அழைப்புக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி தாழ்வாரம் வழியாகப் போய் அதே கருவியில் நுழைந்தது. ஒரு தொலைபேசியிலும் அது படவில்லை. கூடத்தைச் சுற்றும்போது ஹலோ அக்காவின் மேசைக் காலில் ஒரு கொக்கி அடித்து அதன் வழியாகக் கொண்டுபோனார்கள். அவள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மாப்பிள்ளை, இது எதுலயும் சேரலையே" என்றாள். அவளுக்குக் கேபிள் சமாச்சாரம் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு கயிறு இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கட்டியிருந்தால் தெரியும்.

மாப்பிள்ளை புதுச் சட்டை போட்டிருந்தான். "முதல் கட்டம்க்கா இது" என்றான். கண்ணைப் பார்க்கவில்லை.

கருவியை இயக்கும் நாளையே விசாரணை நாளாகவும் வைத்தார்கள். பெரிய திரை கட்டியிருந்தது. முதல் வரிசையில் தையல்காரரை உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தில் அளவு நாடா போட்டபடி கடையிலிருந்து அப்படியே வந்துவிட்டவர், வந்த பிறகுதான் அதைக் கவனித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். ஹலோ அக்கா அவர் முகத்தை முதன்முதலாகப் பார்த்தாள். குரலை வைத்து இன்னும் இளையவர் என்று நினைத்திருந்தாள்.

தலைவர் பொத்தானை அழுத்தினார். திரையில் எண்கள் வந்தன. தொலைந்த தரவு: பூஜ்யம். பிழை: பூஜ்யம். தாமதம்: பூஜ்யம். அனுப்பிய தரவு என்ற இடத்திலும் பூஜ்யம்தான். அதை யாரும் வாசிக்கவில்லை.

கைதட்டல் அடங்கியதும் தலைவர் பேசினார்.

"பூஜ்யம்! நண்பர்களே, உலகத்தின் எத்தனை வாரியங்களால் இதைச் சொல்ல முடியும்? இந்த லைன் ஏன் இவ்வளவு தூய்மையாக இருக்கிறது? சிலர் கேட்கலாம். நான் மறைக்க மாட்டேன். இதை யாரும் பயன்படுத்துவதில்லை. பயன்பாடுதான் எல்லாக் கோளாறுக்கும் மூலகாரணம் என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். பொதுமக்கள் மட்டும் அழைக்காமல் இருந்திருந்தால் இந்த வாரியத்தில் இதுவரை ஒரு தவறுகூட நடந்திருக்காது. ஆகவே, லைனில் குற்றமில்லை. லைனில் இல்லையென்றால் ஊழியரிடம்."

தையல்காரர் எழுந்து நின்றார். "ஐயா, நான் ஒண்ணு சொல்லலாமா?"

"புகார்தாரர் தாராளமாக நன்றி சொல்லலாம்."

"இந்தம்மா கட் பண்ணலைங்க. அவங்க குரல் எனக்குக் கேட்டுட்டேதான் இருந்துச்சு. 'எங்க இருக்கீங்க, சத்தம் வரல, சொல்லுங்க'ன்னு கெஞ்சினாங்க. நான் கடை பேரைக் கத்தினேன், தெருப் பேரைக் கத்தினேன். அவங்களுக்குத்தான் கேக்கல. கட் பண்றவங்க அப்படிக் கெஞ்சுவாங்களா?"

ஹலோ அக்கா அவர் பக்கம் திரும்பினாள். அவளுக்குத் தெரியாமல் அவள் குரல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இத்தனை நாளும் அந்த மனிதர் ஒரு வெற்று லைனைப் பிடித்துக்கொண்டு நின்றதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

தலைவர் அனுதாபத்தோடு தலையசைத்தார். "நீங்கள் கேட்டது எதனால்?"

"காதாலதாங்க."

"அந்தக் காது எந்த வகைக் கேபிளுக்குப் பொருந்தும் என்று சான்று இருக்கிறதா?" தலைவர் செயலாளரின் பக்கம் திரும்பினார். "நிபுணர் சொல்லட்டும். புகார்தாரரின் காதைப் பதிவுக் கருவியாக ஏற்க முடியுமா?"

மாப்பிள்ளை எழுந்தான். ஹலோ அக்கா கைகளை மடியில் கோத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் அவன் பேசாமல் இருந்ததெல்லாம் இதற்காகத்தான் என்று உறுதியாக நம்பினாள். இப்போது சொல்வான். போகிற ஜோடி, வருகிற ஜோடி என்று அன்று அதிகாரியிடம் சொன்னதை, அழைத்தவருக்குக் கேட்டு எடுத்தவருக்குக் கேட்காமல் போனால் அதற்கு என்ன பொருள் என்பதை, நாலு வார்த்தையில் சொல்லிவிடுவான்.

"முடியாது சார்" என்றான் மாப்பிள்ளை. "காது நம்ம அங்கீகரிச்ச கருவிப் பட்டியல்ல இல்ல."

உட்கார்ந்தான். நாற்காலி லேசாகச் சுழன்றது.

தையல்காரர் அப்படியானால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றார். புகாரைத் திரும்பப் பெறலாம், ஆனால் அது நிரூபணமாகிவிட்டதால் நிரூபணத்தைத் திரும்பப் பெற முடியாது என்று கொள்முதல் அதிகாரி விளக்கினார். ஹலோ அக்காவைக் குரல் தேவைப்படாத பணிக்கு மாற்றினார்கள். கீழ்த்தளக் கிடங்கில், பழுதான காதுக் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. போகும்போது அவள் தையல்காரரிடம் எண் கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கென்று இருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கையும் மாப்பிள்ளையும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். தங்கையின் கையில் இனிப்புப் பெட்டி. மாப்பிள்ளைக்குத் தலைமைப் பொருத்த அதிகாரி பதவி வந்திருந்தது. இனி எல்லாக் கிளைகளிலும் கருவிக்கேற்ற கேபிள் போடுவார்கள்.

"உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது?" என்றாள் தங்கை.

ஹலோ அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளை குடித்தான். அவனுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். ஆறுதல் சொல்லும் குரலில் ஆரம்பித்தான்.

"அக்கா, நீங்க மனசைத் தளர விட்டுடக் கூடாது. மத்தவங்க என்ன வேணா சொல்லட்டும். நீங்க கட் பண்ணலைன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்கே பாத்துட்டேனே. அந்தத் தையல்காரர் அழைப்பு வந்துச்சுல்ல, அன்னிக்குச் சாயங்காலமே என் லேப்டாப்பை உங்க லைன்ல போட்டுப் பாத்தேன். போற பேச்சு சுத்தமா போகுது, வர்ற பேச்சு நடுநடுவுல காணாமப் போகுது. கொஞ்ச நேரம் வரலைன்னா சிஸ்டமே கட் பண்ணிடும். உங்க கூடத்து மேல்கூரைக்கு மேல ஒரு பெட்டி இருக்கு, அதுல ஒரு ஜோடி தளர்ந்து கிடக்கு. உங்க மேல துளி தப்பு இல்லக்கா. எனக்குத் தெரியும்."

தங்கை பெருமையோடு அக்காவைப் பார்த்தாள். "பாத்தியா, இவர் உன்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதே இல்ல."

ஹலோ அக்கா மெதுவாக உட்கார்ந்தாள். "அந்தப் பதிவு எங்க இருக்கு?"

"அழிச்சிட்டேன். லேப்டாப் அங்கீகாரம் இல்லாத கருவிக்கா. வெளியே தெரிஞ்சா எனக்குத்தான் பிரச்சினை."

"தளர்ந்து கிடக்கற கம்பி?"

"அது அப்படியேதான் இருக்கு."

"ஏன்?"

அவன் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். "கருவி வர்றதுக்கு முன்னாடி நான் சரி பண்ணிட்டா, அப்புறம் கருவி எதுக்குன்னு கேப்பாங்களே. கருவி வந்து கண்டுபிடிக்கட்டும்னு விட்டேன். அப்புறம் கருவி ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுச்சு. கருவி இல்லைன்னு சொன்ன கோளாறை நான் எப்படிப் போய்ச் சரி பண்றது?"

இனிப்புப் பெட்டியின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்த தங்கை நிறுத்தவில்லை. முடிச்சு இறுகியிருந்தது.

ஹலோ அக்கா தன் கைபேசியை எடுத்தாள். தையல்காரரின் எண்ணை அழுத்தி, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, மேசையில் மாப்பிள்ளைக்கு முன்னால் வைத்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"என்கிட்ட சொன்னதை அவர்கிட்டயும் சொல்லுங்க. எனக்காக இல்ல. அவர் கேட்ட ஒரே கேள்வி அது."

எதிர்முனையில் தையல் இயந்திரத்தின் ஓட்டம் கேட்டு, நின்றது. "யாருங்க?" என்றார் தையல்காரர்.

மாப்பிள்ளை கைபேசியை அவள் பக்கம் நகர்த்தினான். அவளே பேசினாள். கம்பி தளர்ந்திருப்பதைச் சொன்னாள். வருகிற பேச்சு மட்டும் தொலைவதைச் சொன்னாள். அவர் கத்தியதெல்லாம் அந்தப் பெட்டி வரைக்கும் வந்து அங்கேயே நின்றுபோனதைச் சொன்னாள். இது அன்றைக்கே ஒருவருக்குத் தெரியும் என்பதையும் சொன்னாள்.

தையல்காரர் கேட்டார்: "இப்பவாவது சரி பண்ணிட்டாங்களா?"

ஹலோ அக்கா கைபேசியை எடுத்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தாள். "உங்களைத்தான் கேக்கறார்."

அவன் அதை வாங்கி, பேசும் இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். "நான் என்னக்கா சொல்றது?"

"உள்ளதை."

கையை எடுத்தான். தொண்டையைச் செருமினான். கூட்டத்தில் பேசும் குரல் தானாக வந்தது. "விஷயம் பரிசீலனையில இருக்கு சார்" என்றான். கைபேசியைத் திருப்பிக் கொடுத்தான். அவள் காதில் வைத்தபோது அங்கே யாரும் இல்லை.

தங்கை எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "உனக்கு எப்பவுமே அவர் மேல பொறாமை" என்றாள். "அவருக்கும் குடும்பம் இருக்குல்ல? அவர் ஒருத்தர் என்ன பண்ணிட முடியும்?"

"கூரையைத் திறந்து ஒரு கம்பியை அழுத்தி விட்டிருக்க முடியும்" என்றாள் ஹலோ அக்கா. சத்தம் போடவில்லை. தங்கையின் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிப்போனாள். மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கிவிட்டான். வண்டியை எடுக்கும்முன் அதன் பக்கவாட்டில் தொங்கிய ஒரு கயிற்றை அழகாகச் சுருட்டிக் கட்டினான்.

"நீ எப்ப வேணும்னாலும் வா" என்றாள் அவள் தங்கையிடம். "சாப்பிட வா, சண்டை போட வா, சும்மா வா. அவரைக் கூட்டிட்டு வராதே."

தங்கை படியிறங்கினாள். அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று ஹலோ அக்கா கதவைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தாள். வண்டி தெருமுனை தாண்டியது. அதன்பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள்.